அண்ணன் வீட்டுக்கு வருகிறேன்

டிசம்பர் பிறந்ததிலிருந்து கண்ணாடிக்காரருக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டே இருந்தது. அது பக்தியால் வந்த சுளுக்கு என்று அவர் மனைவி நம்பினாள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரத் திருவருகைக் காலத்து முதல் ஞாயிறன்று பங்குச் சாமியார் பீடத்தருகே, வாரத்துக்கொன்றாக ஏற்றுகிற நான்கில் முதல் ஊதா மெழுகுவத்தியை ஏற்றிவிட்டு, "வர வேண்டியவர் நாள் குறித்து அனுப்பிவிட்டு வர மாட்டார். வாசலில் ஒரு கண் இருக்கட்டும்" என்று சொன்னார். சொன்னாரோ இல்லையோ, அன்றிலிருந்து இந்த மனிதர் வாசலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஐம்பத்து மூன்று வயதில், ஒரு பிரசங்கத்தை இவ்வளவு சுத்தமாகக் கடைப்பிடித்தவர் அந்தப் பங்கிலேயே வேறு யாரும் இல்லை. ஒரே ஒரு குறைதான். அவர் பார்த்துக்கொண்டிருந்தது தன் வாசலை அல்ல, தம்பி வாசலை.

வாசல்கள் இரண்டும் தெருவுக்கு அந்தப் பக்கம், கடைக்கு நேர் எதிரே, ஒரே சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றன. அப்பா இருந்தவரை அது ஒரே வீடு, ஒரே வாசல். அவர் போன மறு வருடம் அண்ணனும் தம்பியும் நடுவில் சுவர் எழுப்பினார்கள். பழைய வாசல் அண்ணன் பாகத்துக்குப் போனது. தம்பி தன் பாகத்தில் புதுக் கதவு போட்டான். போட்டவன் சும்மா போடவில்லை. தச்சரை விட்டு அண்ணன் கதவை அளவெடுக்கச் சொல்லி, அதே அகலம், அதே உயரம், அதே பச்சை, அதே பித்தளைக் குமிழ் என்று ஒன்று விடாமல் போட்டான். அண்ணனைவிட ஒரு விரற்கடை குறைந்தாலும் அவனுக்குச் சோறு இறங்காது.

கடையிலிருந்து பார்த்தால் வலது கதவு அண்ணனுடையது, இடது கதவு தம்பியுடையது. வேறு வித்தியாசம் கிடையாது, வர விடவும் மாட்டார்கள். இங்கே காலையில் ஒரு பூந்தொட்டி வைத்தால் சாயங்காலத்துக்குள் அங்கே ஒரு பூந்தொட்டி முளைக்கும். அங்கே மிதியடி மாறினால் இங்கேயும் மாறும். இந்த டிசம்பரில் இடது கதவில் ஒரு காகித நட்சத்திரம் தொங்கியது. மறுநாளே வலது கதவில், அதே கடையில் வாங்கிய அதே நட்சத்திரம். தபால்காரர் மட்டும் பாவம், இரண்டு வீட்டுக் கடிதத்தையும் எதிர்க் கடையில் போட்டுவிட்டு, "உங்க பாகத்தை நீங்களே பிரிச்சுக்குங்க" என்று போய்விடுவார்.

அண்ணனுக்குக் கண்ணாடி வியாபாரம். ஜன்னல் கண்ணாடி, மேஜைக் கண்ணாடி, முகம் பார்க்கிற கண்ணாடி. தம்பி வீட்டு முன்னறையிலேயே உட்கார்ந்து படங்களுக்குச் சட்டம் போடுகிறவன். ஊர் அவனைச் சட்டக்காரர் என்றே கூப்பிடும். அதை நம்பி ஒருவர் நிலத்தகராறுக் காகிதங்களோடு வந்து, அரை மணி நேரம் யோசனை கேட்டுவிட்டுத் தேக்குச் சட்டம் ஒன்று வாங்கிப்போன கதை உண்டு. அப்பா காலத்தில் சட்டம் அவனும் கண்ணாடி இவரும் சேர்த்துப் போட்டால்தான் ஒரு படம் சுவரேறும். இப்போது தம்பி கண்ணாடியை வெளியூரிலிருந்து வரவழைக்கிறான், அண்ணன் சட்டத்தை வேறு ஆளிடம் வாங்குகிறார். பேச்சு நின்று ஆறு வருடம். ஏன் நின்றது என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். இரண்டிலும் சுவர் வரும்.

கழுத்துச் சுளுக்குக்கு விதை விழுந்தது அந்த முதல் ஞாயிறன்றுதான். பூசை முடிந்து சாமியார் இரண்டு பேரையும் கோயில் முற்றத்தில் நிறுத்தினார். அவர் ஊருக்குப் புதியவர், கையில் ஒரு கடிதம்.

"உங்க தங்கச்சி எனக்கு எழுதியிருக்காங்க."

அந்தப் பேச்சை அந்த வீட்டில் எடுத்துப் பதினேழு வருடம்.

"'அண்ணனிடம் சொல்லுங்கள்,'" என்று சாமியார் படித்தார். "'பண்டிகைக்கு முன்னால் அண்ணன் வீட்டுக்கு வருகிறேன். ஆஸ்பத்திரியில் எனக்குப் பதில் ஆள் கிடைக்கிற அன்று கிளம்புவேன். அதனால் நாள் சொல்ல முடியவில்லை.' அவ்வளவுதான்."

"எந்த அண்ணன்?" என்று இருவரும் ஒரே மூச்சில் கேட்டார்கள். ஆறு வருடத்தில் அவர்கள் சேர்ந்து சொன்ன முதல் வார்த்தை அது.

சாமியார் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார். "அண்ணன்னுதான் இருக்கு."

"பெரியண்ணன்னு இருக்கா, சின்னண்ணன்னு இருக்கா?"

"வெறும் அண்ணன்."

"வெறும் அண்ணன்னு எங்க வீட்ல யாரும் இல்லையே ஃபாதர்," என்றான் தம்பி. "அவ என்னைத்தான் சொல்லியிருப்பா. சின்ன வயசுல அவளைத் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்சவன் நான்."

"ஃபாதர், அவர்கிட்ட சொல்லுங்க," என்றார் கண்ணாடிக்காரர், முழ தூரத்தில் நிற்கிற தம்பியைப் பார்க்காமல். "மொட்டையா அண்ணன்னு சொன்னா ஊர் உலகத்துல மூத்தவனைத்தான் குறிக்கும்."

"மூத்தவரு செஞ்ச காரியத்துக்கு அவரைத் தேடி வேற வருவாளான்னு கேளுங்க ஃபாதர்."

சாமியார் பந்தாட்டம் பார்க்கிறவர் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பினார். "ரெண்டு பேரும் ஆயத்தமா இருங்க. எந்த வீட்டுக்கு வந்தாலும் சந்தோஷம்தானே?"

அதில் என்ன சந்தோஷம் என்று இருவருக்குமே விளங்கவில்லை.

தம்பி சொன்ன காரியம் கண்ணாடிக்காரருக்கு நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பதினேழு வருடத்துக்கு முன்னால், வீட்டுக்குப் பிடிக்காத கல்யாணம் செய்துகொண்ட தங்கச்சி, ஒரு மத்தியானம் புருஷனோடு வந்து அந்தப் பச்சைக் கதவுக்கு வெளியே நின்றாள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து ஒன்றும் சொல்லவில்லை. எழுந்துபோய்த் தாழ்ப்பாளைப் போட்டது இவர் கை. தம்பி பின்னால் நின்றான். தடுக்கவில்லை, ஆனால் தாழ்ப்பாளைத் தொடவும் இல்லை. அந்த ஒரு தள்ளுபடியை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருடமாகத் தன்னை நல்லவன் விலைக்கு விற்கிறான் என்று இவருக்கு எரியும். தங்கச்சி வாசலில் நின்ற நிழல் ஜன்னல் கண்ணாடியில் தெரிந்தது. வெயில் நகர்ந்து நிழல் சுவரில் ஏறியபிறகுதான் போனாள்.

ஆக, நியாயப்படி அவள் போக வேண்டிய வீடு தம்பி வீடுதான். அது இவருக்கே தெரியும். தெரிந்ததால்தான் தாங்கவில்லை. அவள் வராமலே போனால்கூட ஒரு மாதிரி மனசை ஆற்றிக்கொள்ளலாம். தெரு தாண்டி வந்து, தன் கண்ணெதிரே, தன் கதவை ஒட்டினாற்போல இருக்கிற கதவில் நுழைந்தால்?

அன்றே வீட்டில் ஆயத்தம் தொடங்கியது. மனைவி திரைச்சீலைகளை அலசினாள், மெத்தையை வெயிலில் போட்டாள். தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு முட்டை கூடுதலாக அவித்து ஒரு சின்னக் கிண்ணத்தில் மூடி வைத்தாள். தங்கச்சிக்கு அவித்த முட்டை என்றால் உயிர். மூன்று மணிவரை ஆள் வராவிட்டால் அந்த முட்டையைக் கண்ணாடிக்காரர் தின்றுவிடுவார். வீட்டில் அதற்குத் 'தங்கச்சி முட்டை' என்றே பேர் ஆகிவிட்டது.

"அவ வர்றதுக்குள்ள அவ பாகத்தைத் தின்னே நீங்க குண்டாயிடுவீங்க போல," என்றாள் மனைவி.

"அங்கே என்ன சமைக்கிறாங்க?"

"எங்கே?"

"எங்கேன்னா? அங்கேதான்."

"சுவத்துக்கு அந்தப் பக்கம் மூக்கை நீட்டிப் பார்க்க எனக்கு நேரமில்லை." கொஞ்ச நேரம் கழித்து, "கோழி," என்றாள். "மூணு நாளா கோழிதான்."

அவர் திருப்புளியை எடுத்துக்கொண்டு கதவுக்குப் போனார். மண்டியிட்டு, பழைய தாழ்ப்பாளின் நான்கு திருகாணிகளையும் கழற்றினார். துருப்பிடித்தவை, ஒவ்வொன்றும் ஒரு பல்லைப் பிடுங்குகிற மாதிரி வந்தன.

"என்ன பண்றீங்க? தாழ்ப்பாள் இல்லாம வீட்டை எப்படிப் போட்டு வைக்கிறது? திருடன் வந்தா?"

"வரட்டும். வர்றவன் கோழி நாத்தத்துக்கு அடுத்த வீட்டுக்குத்தான் போவான்."

தாழ்ப்பாளை எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மரத்தில் நான்கு ஓட்டைகள் மட்டும் இருந்தன.

கடையில்தான் சிக்கல். கண்ணாடி வெட்டுகிற மேஜை உள்ளே தள்ளி, வெளிச்சம் விழுகிற மூலையில் இருந்தது. அங்கே நின்று வெட்டும்போது முதுகு தெருவைப் பார்க்கும். போதாக்குறைக்குக் கண்ணாடிப் பலகைகள் அடுக்கிய பெரிய அலமாரி வேறு நடுவில் மறைக்கும். வாசலுக்கு வந்து வெளிப்படையாக நின்று பார்க்கலாம் என்றால், எதிர் ஜன்னலில் தம்பி உட்கார்ந்திருப்பான். அண்ணன் நம்மையே பார்க்கிறான் என்கிற திருப்தியை அவனுக்குக் கொடுக்கக் கூடாது.

கண்ணாடி வியாபாரிக்குக் கண்ணாடியா பஞ்சம்? கடை வாசல் தூணில் ஒரு நிலைக்கண்ணாடியைச் சாய்த்து மாட்டினார். மேஜைக்கு எதிர்ச் சுவரில் இன்னொன்று. தூண் கண்ணாடி இரண்டு கதவையும் பிடித்து உள்ளே அனுப்பும். சுவர்க் கண்ணாடி அதை வாங்கி இவர் முகத்துக்கு நேரே காட்டும். வைரக்கத்தியால் ஒரு கோடு இழுப்பார், கண்ணை உயர்த்துவார், இன்னொரு கோடு இழுப்பார். கழுத்து சுளுக்காமல் என்ன செய்யும்?

இரண்டாவது வாரம் சாமியார் கடைக்கு வந்தார். பீடத்து மெழுகுவத்திகள் காற்றில் அணைகின்றன, சுற்றி வைக்க நாலு கண்ணாடிக் கூண்டு வேண்டும் என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே சுவரைப் பார்த்துவிட்டார்.

"இதுல உங்க வீடு தெரியுதே!"

"என் வீடு வலது பக்கம் ஃபாதர். இடது பக்கம் அவங்க."

"கண்ணாடியில இடம் வலம் மாறித்தானே தெரியும்? சரியா இருக்கே?"

கண்ணாடிக்காரருக்குத் தொழில் பெருமை பொங்கியது. "ஒரு கண்ணாடியில பார்த்தா மாறும் ஃபாதர். வலதை இடதா காட்டும். இது ரெண்டு கண்ணாடி. முதல் கண்ணாடி பொய் சொல்லும், ரெண்டாவது அந்தப் பொய்யைத் திருத்தும்."

சாமியார் கொஞ்ச நேரம் அந்தக் கண்ணாடியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "தினமும் பார்க்கிறீங்களா?"

"நீங்கதானே வாசல்ல ஒரு கண் இருக்கட்டும்னு சொன்னீங்க?"

"விழிச்சிருக்கச் சொன்னேன் பெரியவரே. வேவு பார்க்கச் சொல்லலையே."

"ரெண்டுக்கும் கண்ணைத் திறந்துதானே ஃபாதர் வைக்கணும்?"

"திறந்து வச்சா மட்டும் போதுமா? எதுக்காகத் திறந்திருக்குன்னு ஒண்ணு இருக்கில்ல?" என்று சிரித்துக்கொண்டே போனவர், படியில் நின்று திரும்பினார். "கூண்டு நாலும் ஒரே அளவா இருக்கட்டும். மூணாவது ஞாயிறுக்கு மட்டும் ரோஸ் மெழுகுவத்தி. அதுக்குன்னு தனியா உசத்தியா செஞ்சா மத்த மூணும் பொறாமைப்படும்."

அது தமாஷுக்குச் சொன்னதா, குத்திச் சொன்னதா என்று கண்ணாடிக்காரர் அன்று முழுக்க யோசித்தார்.

மூன்றாவது வாரமும் போனது. இடது கதவில் யார் யாரோ நுழைந்தார்கள். சட்டம் போட வந்த ஒவ்வொரு பெண்ணும் இவருக்குத் தங்கச்சியாகத் தெரிந்து, நெஞ்சு ஒருமுறை நின்று, பிறகு ஓடியது. ஒரு தடவை கல்யாணப் படத்தோடு வந்த ஒரு அம்மாள் முக்கால் மணி நேரம் வெளியே வரவில்லை. இவர் மூன்று பலகையைக் கோணலாக வெட்டிவிட்டார். வலது கதவை அவர் பார்க்கவே இல்லை. அது எப்படியும் சும்மாதானே கிடக்கிறது.

நான்காவது வாரம் புதன்கிழமை காலை சலூன்காரர் வந்தார். புதிதாகக் கடை திறக்கிறவர், வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

"அண்ணாச்சி, ஒரு நிலைக்கண்ணாடி. இதோ அளவு. இன்னைக்குப் பதினோரு மணிக்குக் கடை திறப்பு. கொண்டுவந்த கண்ணாடி வண்டியிலேயே உடைஞ்சு போச்சு."

"இந்த அளவுல ரசம் பூசினது கைவசம் இல்லையே. வெள்ளிக்கிழமை வரும்."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் வர்றவங்க தலையைத் தடவிப் பார்த்துக்கச் சொல்லவா?" சலூன்காரர் கண் தூணுக்குப் போனது. கையை விரித்து அளந்தார். "இது சரியா இருக்கே."

"அது விக்கிறதுக்கில்லை."

"கண்ணாடிக் கடையில கண்ணாடி விக்கிறதுக்கில்லைன்னா என்ன அர்த்தம்? அழகு பார்க்கவா வச்சிருக்கீங்க? இந்த வயசுலயா?"

"வேற வேலைக்கு வச்சிருக்கேன்னு சொல்றேனில்ல?"

"சரி விடுங்க. எதிர்ல உங்க தம்பிகிட்ட கேட்கிறேன். தேக்குச் சட்டம் போட்டே ரெடியா ஒண்ணு நிக்குதாம்."

அவ்வளவுதான். விலை பேசுகிறதில் எத்தனையோ நெளிவு சுளிவு பார்த்தவர், இந்த ஒரு வார்த்தைக்கு மடங்கிப்போனார். சலூன்காரர் தெருவில் இறங்குவதற்குள் தூண் கண்ணாடி கீழே இறங்கிவிட்டது. சாக்கு சுற்றி, கயிறு கட்டி, கேட்ட விலைக்குக் கொடுத்து, வண்டியில் ஏற்றிவிடவும் செய்தார். தம்பி ஜன்னலிலிருந்து பார்த்திருப்பான், பார்க்கட்டும்.

வண்டி போனபிறகுதான் தூண் மொட்டையாக நிற்பது உறைத்தது. அலமாரியை முக்கி முனகி ஓரமாகத் தள்ளினார். மேஜையைக் கொஞ்சம் நகர்த்தினார். இப்போது தெரு நேரே உள்ளே வந்தது, சுவர்க் கண்ணாடியில் இரண்டு பச்சைக் கதவுகளும் இரண்டு நட்சத்திரங்களும் பளிச்சென்று விழுந்தன. முன்னைவிடத் தெளிவாகவே இருந்தது. நிம்மதியாக வைரக்கத்தியை எடுத்தார்.

பதினொன்றரை இருக்கும். கண்ணை உயர்த்தினார். ஒரு பெண், கையில் ஒரு துணிப்பை. நெற்றியோரம் நரைத்திருந்தது. நடை மாறவே இல்லை, ஒரு தோளை லேசாக இறக்கி நடக்கிற அதே நடை. இரண்டு கதவுகளுக்கும் நடுவில் நின்றாள். இந்தக் கதவைப் பார்த்தாள், அந்தக் கதவைப் பார்த்தாள். அவள் குனிந்து ஒரு வாசல்படியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கதவைத் தள்ளி உள்ளே போனாள்.

இடது கதவு.

வைரக்கத்தி கையிலிருந்து நழுவி மேஜையில் உருண்டது. பதினேழு வருடம் கழித்து வந்தவள், பக்கத்தில் நிற்கிற கதவை ஒரு தட்டு தட்டக்கூட இல்லை. அவனுக்குத்தான் கிடைத்தது. தோளில் தூக்கியவனாம். கோழி வாசனை இங்கேவரை வருகிற மாதிரி இருந்தது. இனிமேல் ஞாயிறு பூசையில் அவன் முன் வரிசையில் அவளோடு உட்காருவான். பின்னால் உட்கார்ந்து இவர் அந்த இரண்டு முதுகையும் பார்க்க வேண்டும்.

பன்னிரண்டரைக்கு மனைவி போன் செய்தாள். அழுகைக் குரல். அழட்டும், அவளுக்கும் எரியும்தானே.

"ஏங்க, உடனே வீட்டுக்கு வாங்க. தங்கச்சி…"

"எல்லாம் பார்த்தேன்," என்றார். "உள்ளே போனதை என் கண்ணால பார்த்தேன். நான் வரலை."

"என்ன பேசறீங்க? பார்த்துட்டா வரலைங்கறீங்க?"

"பார்த்ததனாலதான் வரலை. அவ மூஞ்சியில முழிக்க எனக்கு இஷ்டமில்லைன்னு சொல்லு." வைத்துவிட்டார். திரும்ப மணி அடித்தது, எடுக்கவில்லை. மூன்றாவது தடவை போனையே அணைத்துவிட்டார்.

அதன்பிறகு வேலை ஓடவில்லை. சாப்பிடப் போகவில்லை. கடையை அடைக்கவும் மனமில்லை. கண்ணாடியைப் பார்க்கப் பிடிக்காமல் அதை ஒரு சாக்கால் மூடினார். கொஞ்ச நேரத்தில் சாக்கை எடுத்துவிட்டுப் பார்த்தார். இடது கதவு மூடியே இருந்தது. திரும்ப மூடினார். பையிலிருந்த தாழ்ப்பாள் தொடையில் குத்தியது. அதை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

இரண்டரை மணிக்குக் கடைவாசலில் செருப்புச் சத்தம். யாரோ தொண்டையைச் செருமினார்கள். அந்தச் செருமலை அவர் தூக்கத்திலும் அடையாளம் சொல்வார்.

தம்பி தெருவைத் தாண்டி வந்து, ஆறு வருடத்தில் முதல் தடவையாகக் கடைப்படியில் நின்றுகொண்டிருந்தான். முகம் கடுகடுவென்று இருந்தது.

"வந்துட்டா," என்றான்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா இப்படி உட்கார்ந்திருக்கே?"

"எழுந்து ஆடச் சொல்றியா? சந்தோஷம்னா நீ ஆடு."

"எனக்கென்ன சந்தோஷம்? வயிறு எரியுது."

"உனக்கு எரியுதா? ஜெயிச்சவன் வயிறு எரியுற கதையை இன்னைக்குத்தான் கேட்கிறேன்."

"யாரு ஜெயிச்சவன்? இங்கே பாரு, நான் உன்கிட்ட சண்டைக்கு வரலை. அண்ணி சுவத்துக்கு மேல எட்டி என் பொண்டாட்டியைக் கூப்பிட்டு அழுதாங்க. அதனால வந்தேன். இல்லைன்னா என் காலு இந்தப் பக்கம் வராது."

"அண்ணி எதுக்கு உங்ககிட்ட அழணும்? கோழி கேட்டாளா?"

"தங்கச்சி பச்சைத் தண்ணிகூடக் குடிக்காம உட்கார்ந்திருக்கா. மூணேகாலுக்கு அவளுக்கு பஸ். அரை நாள்தான் பதில் ஆள் கிடைச்சிருக்கு. நீ போன்ல பேசினதை அவ பக்கத்துல உட்கார்ந்து கேட்டுட்டா. 'அண்ணன் பார்த்துட்டாராம் அண்ணி, வர மாட்டாராம், விட்டுடுங்க, போய்க் கூப்பிட வேணாம்'னு அண்ணி கையைப் பிடிச்சுக்கிட்டா."

"எந்த அண்ணி கையை?"

"எத்தனை அண்ணி இருக்காங்க? உன் பொண்டாட்டி கையைத்தான்."

"என் பொண்டாட்டி எதுக்கு உன் வீட்டுக்கு வந்தா?"

தம்பி அவரை ஏற இறங்கப் பார்த்தான். "உனக்குக் காய்ச்சலா? என் வீட்டுக்கு யாரு வந்தா? தங்கச்சி உன் வீட்டுல உட்கார்ந்திருக்கா."

கண்ணாடிக்காரர் எழுந்து சாக்கை இழுத்தார். சுவரில் இரண்டு பச்சைக் கதவுகள். "இதோ, இந்தக் கதவு," என்று விரலை வைத்தார். "இடது கதவு. என் கண்ணால பார்த்தேன்."

தம்பி கண்ணாடியைப் பார்த்தான். திரும்பித் தெருவைப் பார்த்தான். மறுபடி கண்ணாடியைப் பார்த்தான்.

"தூண்ல இன்னொண்ணு மாட்டியிருந்தியே, அது எங்கே?"

"காலையில வித்துட்டேன்."

"அப்ப இது ஒத்தைக் கண்ணாடி." தம்பி நிதானமாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னான். "ஒத்தைக் கண்ணாடியில வலது எந்தப் பக்கம்டா தெரியும்?"

டா என்று சொன்னதைக்கூட அவர் கவனிக்கவில்லை. முப்பது வருடம் கண்ணாடி விற்றவர், ஊருக்கெல்லாம் விளக்கம் சொன்னவர். முதல் கண்ணாடி பொய் சொல்லும். திருத்துகிற கண்ணாடியை, தம்பிக்கு வியாபாரம் போகக் கூடாதென்று, தன் கையாலேயே சாக்கு சுற்றி அனுப்பியிருக்கிறார்.

"தூண்ல இருந்தது உனக்கெப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்டார்.

"மூணு வாரமா அதுல உன் மூஞ்சி எனக்குத் தெரிஞ்சுக்கிட்டுத்தானே இருந்துச்சு! உனக்கு என் வாசல் தெரிஞ்சா எனக்கு உன் கண்ணு தெரியாதா?" தம்பி தன் ஜன்னலைக் காட்டினான். "காலையில அவ வந்தப்ப ஜன்னல் வழியா பார்த்தேன். எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கிட்டேன். கதவுகிட்டக்கூடப் போயிட்டேன். அவ உன் கதவுல நுழைஞ்சுட்டா. தாழ்ப்பாள் போட்டவன் வீடு உசத்தி, சும்மா நின்னவன் வீடு மட்டமான்னு அப்படியே உட்கார்ந்துட்டேன். அண்ணி கூப்பிட்டப்பவே வந்திருக்கணும். ஒரு மணி நேரம் பொருமினேன்."

மணி இரண்டே முக்கால். அண்ணன் கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டுத் தெருவில் இறங்கினார். தம்பி பின்னாலேயே ஓடினான்.

வலது கதவு திறந்தது. திறந்தவள் தங்கச்சி. துணிப்பை தோளில் இருந்தது. கிளம்பிவிட்டாள். அவள் உள்ளே, இவர் வெளியே. வெயில் இவர் முதுகில் அடித்து, இவர் நிழல் அவள் காலடியில் விழுந்தது.

பதினேழு வருடமாகச் சொல்ல வேண்டியதை எத்தனையோ தினுசாகத் தேய்த்து வைத்திருந்தார். வாயில் வந்தது வேறு. "தாழ்ப்பாளைக் கழட்டிட்டேன்," என்றார்.

"பார்த்தேன். நாலு ஓட்டை இருந்துச்சு." அவள் அசையவில்லை. "மூஞ்சியில முழிக்க இஷ்டமில்லைன்னீங்களே பெரியண்ணே."

"தப்பாப் பார்த்துட்டேன்மா. நீ அவன் வீட்டுக்குள்ள போயிட்டேன்னு…"

"சின்னண்ணன் வீட்டுக்குப் போனா என் மூஞ்சி உங்களுக்கு ஆகாதா?"

பின்னாலிருந்து தம்பி, "இவன் வீட்டுக்கு வந்ததுக்கு எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு," என்று முணுமுணுத்தான்.

தங்கச்சி இரண்டு பேரையும் பார்த்தாள். அழப்போகிறாளோ என்று பயந்தார்கள். சிரித்துவிட்டாள், கண்ணில் தண்ணீரோடு.

"அண்ணன் வீடுன்னுதானே எழுதினேன்?"

"அதான் எந்த அண்ணன்னு…"

"வீடு ரெண்டாயிடுச்சுன்னு எனக்கு யாரு சொன்னா? நான் போகும்போது ஒரு வீடு, ஒரு கதவு. வந்து பார்த்தா ரெண்டு நிக்குது, அச்சு அசலா. தப்பான தெருவுக்கு வந்துட்டேன்னு நினைச்சேன். குனிஞ்சு படியைத் தடவிப் பார்த்தேன். சின்ன வயசுல நான் அம்மிக் குழவியைப் போட்டு உடைச்ச மூலை இந்தப் படியிலதான் இருந்துச்சு."

அந்த மூக்குடைந்த படிக்கல்லை இருவரும் குனிந்து பார்த்தார்கள். கதவை அளவெடுத்த தச்சர் அதை மட்டும் விட்டுவிட்டார்.

"தட்டலாம்னு கை வச்சேன், அதுவே திறந்துக்கிச்சு," என்றாள்.

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது: "பஸ்ஸு போனா போகுது, ஆறு மணிக்கு இன்னொண்ணு இருக்கு. வாசல்லயே நிக்க வச்சுப் பேசறதுல இந்த வீட்டு ஆம்பளைங்களை மிஞ்ச முடியாது."

தங்கச்சி தோளிலிருந்து பையை இறக்கவில்லை. ஒரு கணம் தெருவைப் பார்த்தாள், ஒரு கணம் படியைப் பார்த்தாள். பிறகு ஒதுங்கி வழி விட்டாள். "வாங்க," என்றாள், வீட்டுக்காரி மாதிரி. "ரெண்டு பேரும்."

மேஜையில் மூன்று தட்டு போட்டார்கள். தம்பி மனைவி சுவருக்கு மேலாகக் கோழிப் பாத்திரத்தை நீட்ட, இவர் மனைவி வாங்கி வைத்தாள். நடுவில் அந்தச் சின்னக் கிண்ணம், ஆறிப்போன ஒரே ஒரு முட்டை. மூன்று மணி தாண்டியும் அன்று யாரும் அதைத் தொடவில்லை.

தங்கச்சி ஒரு நூல் கேட்டாள். நூலை இழுத்துப் பிடித்து முட்டையை மூன்றாக அறுத்து ஆளுக்கொன்று வைத்தாள். கண்ணாடிக்காரருக்கு அளவு தப்பாது. மயிரிழை வித்தியாசத்தை எட்டடி தூரத்திலிருந்து சொல்லிவிடுவார். அவர் கண் தன்னையறியாமல் தம்பி தட்டுக்குப் போனது. போன வழியில், தன் தட்டுக்கு வந்துகொண்டிருந்த தம்பியின் கண்ணோடு முட்டிக்கொண்டது.

"அங்கே என்ன பார்வை?" என்றாள் தங்கச்சி.

இருவரும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசலைப் பார்த்தார்கள். கதவு விரியத் திறந்து கிடந்தது. எதிர்க் கடையில் ஒற்றைக் கண்ணாடியில் வெயில் பட்டுத் தெறித்தது.